ஆதாரம் பார்த்தாச்சு

அந்தப் பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது, அதோடு சரி. முதலாளியைத் தவிர மற்ற எட்டுப் பேருக்கும் அவள் ‘ஆதாரம்’.

பெயர் வைத்தவர் டாக்டர். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. பட்டறையின் மூத்த மெக்கானிக். கடைகளில் இருக்கும் ஃப்ரீசர்களையும் குளிர் அறைகளையும் பழுது பார்ப்பதுதான் அங்கே தொழில். டாக்டர் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரசர் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்து, கண்ணை மூடி நிற்பார். ஒரு நிமிஷம் போதும். "இதுக்கு எண்ணெய் வத்திப்போச்சு", "இது இன்னும் ஆறு மாசம் தாங்கும்" என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாக்கு தப்பியது அபூர்வம்.

அவள் சேர்ந்த புதிதில், டீ குடிக்கும் நேரத்தில் டாக்டர் தன் ஃபோனை நீட்டினார்.

"பாத்தீங்களா? ஃப்ரீசர் மேல ஈரத்துணி போட்டா கரண்ட் பாதியாக் குறையுதாம். பெரிய ஆராய்ச்சி."

"யார் பண்ணின ஆராய்ச்சி?"

"அதான் போட்டிருக்காங்களே."

"யாரு போட்டாங்க?"

"என் மச்சான் அனுப்பினான்."

"உங்க மச்சானுக்கு யார் அனுப்பினா?"

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே! ஈரத்துணிக்கெல்லாம் ஆதாரம் கேட்டா நான் எங்க போவேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டியது அந்தப் பெயர்.

அவளுக்கு அது பிறவிக் குணம் இல்லை. பதினோரு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற மெல்லிய தாள் இருக்கிறதே, அதைத்தான் அந்த அச்சகம் அடித்துக்கொடுத்தது. ஒரு புள்ளி இடம் மாறினால் ஒரு குழந்தை போய்விடும் என்று முதல் நாளே சொல்லி உட்கார வைத்தார்கள். அச்சகத்தை மூடியபோது அவளுக்கு வயது நாற்பது, கல்யாணம் ஆகவில்லை, சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. அக்கா புருஷன்தான் தன் பட்டறையில் ஒரு நாற்காலியும், தன் வீட்டு மாடியில் ஓர் அறையும் கொடுத்தார். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அக்கா மட்டும் அவ்வப்போது சொல்வாள்.

அத்தானின் பட்டறையில் அதுவரை காகிதம் என்பது டீ நேரத்து வடைக்கு அடியில் போடுகிற பொருளாக இருந்தது. அவள் வந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு கோப்பு போட்டாள். கம்பெனி வெளியிட்ட கையேடு எது, எந்த வருஷத்துப் பதிப்பு, அதற்குப் பிறகு என்ன திருத்தம் வந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். வெளியே வேலைக்குப் போன ஆள் ஃபோன் பண்ணினால், "நீங்க நெட்ல எடுத்தது பழைய பதிப்பு. அந்த வயரோட நிறத்த மாத்திட்டாங்க, தொட்டுடாதீங்க" என்று இங்கிருந்தே சொல்லுவாள். இரண்டு தடவை போலி உதிரிபாகங்களைப் பெட்டியில் இருந்த எழுத்துப் பிழையை வைத்தே கண்டுபிடித்தாள். மெக்கானிக்குகளுக்கு அவள்மேல் ஒரு பயபக்தியே வந்துவிட்டது. புதுப் பொருள் எது வந்தாலும், "ஆதாரம் பாத்தாச்சா?" என்று ஒருத்தர் கேட்பார். "பாத்தாச்சு" என்று பதில் வந்தால், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த விற்பனைக்காரர் வந்தார். கசங்காத சட்டை, கை நிறைய வண்ணத்தாள்கள். குளிர்சாதனத்துக்குள் அடைக்கிற வாயுவில் ஒரு புது வகை வந்திருக்கிறதாம். பழைய வாயுவில் பாதி விலை. இயந்திரத்தில் ஒரு திருகைக்கூட மாற்ற வேண்டாம், அப்படியே அடைக்கலாம். தாளில் ஒரு பரிசோதனைக் கழகத்தின் முத்திரை, ஒரு சான்றிதழ் எண், வெள்ளைக்கோட்டு போட்ட ஒருவர் புன்னகையோடு கட்டைவிரலை உயர்த்துகிற படம். ‘பத்தில் ஒன்பது பட்டறைகள் மாறிவிட்டன’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி.

அத்தான் அன்றைக்கே மூன்று சிலிண்டர் இறக்கிவிட்டார். இறக்கிய பிறகுதான் தாளை அவள் மேசையில் போட்டார். "கோப்புல வச்சிடு."

அவள் கோப்பில் வைக்கவில்லை. மூன்று நாள் அதையே துருவினாள். பரிசோதனைக் கழகத்தின் ஃபோன் எண்ணில் கூப்பிட்டால் எடுத்தவர் அந்த விற்பனைக்காரரே. குரலை மாற்றக்கூட அவருக்குத் தோன்றவில்லை. உண்மையான கழகம் ஒன்று வேறு பெயரில் இருந்தது. அதன் பட்டியலில் அந்தச் சான்றிதழ் எண்ணைத் தேடினால் அது ஒரு தண்ணீர்க் குழாயின் ரப்பர் வளையத்துக்குக் கொடுத்தது. வெள்ளைக்கோட்டுக்காரர் வேறொரு தேசத்தில் பல் வைத்தியசாலை விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். பத்தில் ஒன்பது என்று எண்ணியது யார் என்பதற்கு எங்கேயும் விடை இல்லை.

கடைசியில் அந்த வாயுவின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டாள். விற்பனைக்காரர் இழுத்தடித்து அனுப்பினார். ஆங்கிலத்தில் பதினாறு பக்கம், பொடி எழுத்து. இரண்டாம் பக்கத்திலேயே தீச்சுடர் படம். உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்ற பகுதியை அவள் இரண்டு முறை படித்தாள். முக்கால் பங்குக்கு மேல் அடுப்பில் எரிகிற அதே வாயு. ஆனால் அடுப்பு வாயுவில் கசிவு தெரிய வேண்டும் என்று ஒரு நாற்றத்தைச் சேர்ப்பார்கள். இதில் அதுவும் இல்லை.

அத்தானின் அறைக்குப் போனாள்.

"அத்தான், இந்தச் சான்றிதழே பொய். இந்தப் படத்துல இருக்கிற ஆளு பல் டாக்டர்."

"படம் எவனோடதா இருந்தா என்ன? நானே ஒரு மெஷின்ல அடைச்சுப் பாத்துட்டேன். பழசவிட நல்லாக் குளிருது."

"குளிரும். அது பொய்யில்ல. ஆனா இது தீப்பிடிக்கிற கேஸ். நம்ம ஆளுங்க குழாய்க்குள்ள மிச்ச கேஸ் இருக்கும்போதே டார்ச் நெருப்ப வச்சு ஓட்டைய ஒட்டுறவங்க. பழைய கேஸ் எரியாது, அதனால இத்தன வருஷம் ஒண்ணும் ஆகல. இது அப்படி இல்ல."

"நம்ம க்ரூப்ல நூத்திப்பத்துப் பேர் இருக்காங்க, எல்லாரும் பட்டறை வச்சிருக்கிறவங்க. ஒருத்தனாவது எரிஞ்சுதுன்னு போட்டிருக்கானா?"

"எரிஞ்சவன் க்ரூப்லயா வந்து போடுவான்?"

அத்தானின் முகம் சுருங்கியது. கதவு திறந்திருந்தது, வெளியே இரண்டு பேர் குழாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "நீ காகிதத்த படிச்சவ. நான் தொழில படிச்சவன். பழைய கேஸ் விக்கிற கம்பெனிக்காரனே இப்படியெல்லாம் கிளப்பி விடுவான். எல்லாத்துலயும் சந்தேகம்னா காலைல எழுந்து பல்லே விளக்க முடியாது."

அவள் வாதாடவில்லை. தன் மேசைக்குப் போய், பதினாறு பக்கத்தையும் ஒரே பக்கமாகச் சுருக்கி எழுதினாள். எது பொய், எது உண்மை, எங்கே பார்த்தேன், எந்தத் தேதியில் பார்த்தேன், என்ன செய்யக்கூடாது என்று எல்லாம் நல்ல தமிழில், சின்ன வாக்கியங்களில். அத்தானிடம் நீட்டினாள். அவர் படித்தாரோ இல்லையோ, ஓரத்தில் பச்சை மையில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவள் அதைக் கோப்பில் வைத்தாள். அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அச்சகத்திலும் இப்படித்தான். பிழையைக் காட்டி மேலாளரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் நம் தலைக்கு ஒன்றும் வராது.

அன்று சாயந்திரம் மாடியில் துணி எடுக்க வந்த அக்கா, எடுத்த துணியை மடிக்காமல் தோளில் போட்டுக்கொண்டே நின்றாள்.

"ஆளுங்க காதுல விழற மாதிரி அவர எதுத்துப் பேசினியாமே?"

"எதுத்துப் பேசலக்கா. இருக்கிறத சொன்னேன்."

"சொல்லிட்ட, எழுதியும் குடுத்துட்ட. உன் கடமை முடிஞ்சுது. இனிமே ஆளுங்ககிட்ட போய் ஓதிக்கிட்டு இருக்காத. நாலு பேரு பயந்து வேலைய விட்டுப் போனா பட்டறை என்ன ஆகும்? கீழ நாங்க சாப்பிடறதும் அதுலதான், மேல நீ படுக்கிறதும் அதுலதான்."

"நான் யார்கிட்டயும் சொல்லல."

"சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சரி" என்றாள்.

ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரம். பட்டறையின் பின்பக்கம் ஒரு நீள மேசை. எல்லாரும் அதில்தான் டப்பாவைத் திறப்பார்கள். டாக்டர் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இந்தப் புது கேஸ் பரவாயில்ல. நாத்தமே இல்ல. ஆதாரம் பாத்தாச்சா?"

அவள் வாயில் சோறு இருந்தது. மென்று விழுங்கினாள்.

"முதலாளிகிட்ட எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாள்.

"அப்ப சரி" என்றார் டாக்டர். "நீங்க பாத்து எழுதியே குடுத்துட்டீங்கன்னா அப்பீல் ஏது."

அது அப்படி இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அதற்குள் யாரோ ஸ்டோர் ரூம் சாவி கேட்டார்கள். அவளே எழுந்து போனாள். சாவி கேட்டவர்மேல் அவளுக்கு அப்போது நன்றி பொங்கியது.

அதன்பிறகு அவள் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் மத்தியானம் ஸ்டோர் ரூமுக்குப் போய், மூன்று சிலிண்டரிலும் ‘எளிதில் தீப்பற்றும்’ என்று எழுதி ஒட்டினாள். மறுநாள் பார்த்தபோது தாள் இல்லை. பசை மட்டும் இருந்தது. யார் கிழித்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் விடை தெரிந்துவிடும்.

இன்னொரு நாள் டாக்டர் வண்டியில் ஏறும்போது பின்னாலேயே போனாள். "டாக்டர், ஒரு நிமிஷம்." முன்சீட்டில் அத்தான் உட்கார்ந்திருந்தார். "என்ன?" என்றார் அத்தான். "ஒண்ணுமில்ல, அந்தக் கடைக்காரர் ஃபோன் பண்ணினார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

ஒரு மாதம் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. இயந்திரங்கள் நன்றாகவே குளிர்ந்தன. க்ரூப்பில் நூற்றுப்பத்துப் பேரும் காலை வணக்கம் அனுப்பினார்கள். தான்தான் பூதாகரமாக்கிவிட்டோமோ என்றுகூட அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

அது ஒரு பால் கடை. கடைக்குப் பின்னால் ஆள் நின்றால் திரும்ப முடியாத அளவில் ஒரு குளிர் அறை. மூன்று வாரம் முன்னால் டாக்டரே புது வாயு அடைத்துவிட்டு வந்த இயந்திரம். குழாயில் கசிவு என்று திரும்பக் கூப்பிட்டார்கள். காலை பத்தரை மணி இருக்கும். டாக்டர் காதை வைத்துப் பார்த்தார், சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடித்தார், வாயுவைத் திறந்துவிட்டார். எப்போதும் போல ஒரு நிமிஷம் காத்திருந்தார். கதவைச் சாத்தி வைத்திருந்தார், கடைக்காரரின் பால் கெட்டுப்போகக் கூடாதே என்று. எப்போதும் போல டார்ச்சைப் பற்ற வைத்தார்.

பழைய வாயு மிச்சம் இருந்தால் சுடர் பச்சையாக மாறும், அவ்வளவுதான் நடக்கும். அன்றைக்கு அந்த அறையே ஒரு தடவை மூச்சு விட்டது போல் இருந்தது என்று கடைக்காரர் பிறகு சொன்னார். ஒரே ஒரு ‘புஸ்’. அதற்கப்புறம் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் வெளியே வந்தார். கை இரண்டையும் தன்னுடையவை இல்லை என்பது போலத் தூரமாக நீட்டிப் பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆதாரம் ஓடிப்போய் ஜன்னலில் கேட்டாள்: "டாக்டர் எங்க இருக்கார்?"

"எந்த டாக்டரும்மா? இங்க நாப்பது பேர் இருக்காங்க."

"இல்ல, அடிபட்டவர். தீக்காயம்."

"பேரு?"

அவளுக்குப் பெயர் வரவில்லை. நான்கு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர். பதிவேட்டின் பக்கத்தைக் கண்ணுக்குள் கொண்டுவந்து, மூன்றாவது வரியைப் படிப்பது போலப் படித்துச் சொன்னாள்.

பிழைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு பக்கமும் கழுத்தும் வெந்திருந்தன. கைகள்தான் மோசம். வலது கை விரல்கள் திரும்ப மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

அத்தான் ஆஸ்பத்திரிச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். அந்த வகையில் அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பட்டறையில் மட்டும், கேட்கிறவர்களிடம் எல்லாம் ஒன்றையே சொன்னார்: "இருபத்திரண்டு வருஷ அனுபவம். கதவ சாத்திக்கிட்டு டார்ச் பத்த வைக்கலாமா? கவனம் இல்லன்னா யாரு என்ன பண்றது?"

தொழில் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வரப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று, அக்கா மாடிக்கு வந்தாள். இந்தத் தடவை துணி எடுக்கிற சாக்கு எதுவும் இல்லை.

"அந்தக் காகிதம் இருக்காமே. அவர் கையெழுத்துப் போட்டது."

"இருக்கு."

"எடுத்துக் குடுத்துடு."

"முடியாதுக்கா."

"ஏன்டி, நான் உன் காலப் புடிக்கணுமா? அது போனா யாருக்கு என்ன நஷ்டம்? அந்த மனுஷனுக்கு விரல் திரும்பி வந்துடுமா?"

"வராது. அதுக்காக நடந்தத நடக்கலன்னு ஆக்க முடியாது."

அக்கா அவளையே பார்த்தாள். "உனக்குச் சோறு போட்டவருக்கு எதிராவே ஆதாரம் சேத்து வச்சிருக்க. நல்லா இருடி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அந்தப் படிகளில் அவள் அதன்பிறகு ஏறவே இல்லை.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். ஆதாரம் கோப்பைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"இதெல்லாம் நீங்களே தேடினதா?"

"ஆமாங்க."

"நல்லாப் பண்ணியிருக்கீங்க. பெரிய கம்பெனிங்ககூட இவ்வளவு தெளிவா எழுதி வைக்கிறதில்ல." அவர் அடுத்த படிவத்தை எடுத்தார். பேனாவை ஒரு கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "தொழிலாளர்களுக்கு இத எப்ப சொன்னீங்க?"

ஆதாரம் பச்சை மைக் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"முதலாளிகிட்ட குடுத்தேன்."

"அது தெரியுது, கையெழுத்து இருக்கு. டார்ச் புடிக்கிறவங்ககிட்ட எப்ப சொன்னீங்க?"

பக்கத்து நாற்காலியில் இருந்த அத்தான் முதல்முறையாக வாயைத் திறந்தார். "பேப்பர் சம்பந்தப்பட்டது எல்லாம் இவங்க பொறுப்புங்க. எனக்கு மெஷின்தான் தெரியும். ஆளுங்களுக்கும் இவங்க சொன்னாத்தான் வேதவாக்கு. யார வேணாலும் கேட்டுப் பாருங்க."

அது பொய் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அத்தான் அன்றைக்குச் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அதிகாரி அந்தக் கட்டத்தில் ‘தெரிவிக்கப்படவில்லை’ என்று எழுதினார். அறிக்கை வந்தபோது இரண்டு பேர்மீது குற்றம் இருந்தது. அபாயம் என்று தெரிந்தே பயன்படுத்திய உரிமையாளர். அபாயத்தைக் கண்டறிந்தும் தொழிலாளர்களுக்குத் தெரிவிக்கத் தவறிய ஆவணப் பொறுப்பாளர். அவளுடைய உண்மையான பெயர் அதில் முழுதாக, எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது.

அறிக்கை வருவதற்கு முன்பே ஒரு நாள், அவள் தன் குறிப்பின் நகலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரின் மனைவியிடம் கொடுக்க நினைத்தாள். நஷ்டஈடு கேட்க அது உதவும். எந்த வக்கீலிடம் போனாலும் முதலில் இதைத்தான் கேட்பார். அந்தப் பெண் பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறவள். விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தாளை வாங்கி மெதுவாக, உதடு அசையப் படித்தாள். முழுவதும் படித்தாள்.

"எல்லாம் புரியுதே" என்றாள். "இவ்வளவு லேசா எழுதியிருக்கீங்க. அவர் படிச்சிருந்தா அவருக்கும் புரிஞ்சிருக்கும்."

அந்தப் பெண் மேலே இருந்த தேதியைப் பார்த்தாள். அங்கிருந்து விபத்து நடந்த நாள் வரைக்கும் விரல் விட்டு எண்ணினாள். "முப்பத்தேழு நாள்."

"நான் அவர்கிட்ட சொல்லணும்னுதான்..."

"தெனமும் கூட உக்காந்து சாப்பிட்டீங்க இல்ல?"

"ஆமா."

"எனக்கு அந்தக் கேஸப் பத்தி முதல்லயே பயம்தான். பாதி விலைக்கு வருதேன்னு கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘பயப்படாத, ஆதாரம் பாத்தாச்சு’ன்னார். உங்க பேரச் சொல்லித்தான் என் வாயை அடைச்சார்."

குரல் உயரவில்லை. திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் ஆதாரத்துக்கு அழுவதற்காவது ஒரு வழி கிடைத்திருக்கும். அந்தப் பெண் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "இத நான் வச்சுக்கறேன். எங்களுக்கு வேண்டியிருக்கு. நீங்க இனிமே வராதீங்க."

பட்டறை ஆறு வாரம் மூடிக்கிடந்தது. அத்தான் அபராதம் கட்டினார், பழைய வாயுவுக்கே திரும்பினார், பெயர்ப் பலகைக்குப் புதுச் சாயம் அடித்துத் திறந்தார். விற்பனைக்காரரின் எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. ஆதாரத்தை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அவள் மேசை இருந்த இடத்தில் காலி சிலிண்டர்களை அடுக்கியிருந்தார்கள். மெக்கானிக்குகள் அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். அவள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். மாடி அறையையும் அந்த மாதமே காலி செய்தாள்.

நகல் எடுக்கிற கடை ஒன்றில் வேலை கிடைத்தது. ஒரு சந்துக்குள், மூன்று இயந்திரம் வைத்த கடை. யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். சில தாள்கள் பொய் என்று முதல் பார்வையிலேயே அவளுக்குத் தெரியும். முதல் வாரம் ஒருவரிடம், "இந்த வேலைவாய்ப்புக் கடிதம் போலி மாதிரி இருக்கு, விசாரிச்சுக்கங்க" என்றாள். அவர் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். "எத்தன காப்பின்னு மட்டும் கேளும்மா" என்றார் கடைக்காரர்.

அவள் அதோடு நிறுத்திவிடவில்லை. அதற்கப்புறமும் சொன்னாள், கடைக்காரர் டீ குடிக்கப் போகிற சமயம் பார்த்து. பத்துப் பேரில் எட்டுப் பேர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். இரண்டு பேர் யோசித்தார்கள். ஒரு பெண் மட்டும் திரும்பி வந்து, "நீங்க சொன்னது சரிதான், பணம் கட்டாம தப்பிச்சேன்" என்றாள். அதைக் கேட்டபோது மனசு லேசாகும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆகவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஃபோன் பண்ணினார். குரல் அப்படியே இருந்தது.

"ஆதாரம், வீட்டுக்கு வர முடியுமா? ஒண்ணு கேக்கணும்."

போனாள். ஒரே அறைதான், ஒரு மூலையில் தையல் மெஷின், பக்கத்தில் தைத்து முடித்த பைகள் ஆள் உயரத்துக்கு. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்துத் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை விரல்கள் எதையோ பாதி பிடித்துவிட்ட மாதிரி அப்படியே நின்றிருந்தன. மனைவி அவளைப் பார்த்ததும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவ கோவத்த மனசுல வச்சுக்காதீங்க" என்றார் டாக்டர்.

"கோவப்பட வேண்டியதுதான்" என்றாள் ஆதாரம். "டாக்டர், அன்னைக்கு சாப்பாட்டு மேசையில நீங்க கேட்டப்ப..."

"விடுங்க. அத எத்தன தடவ யோசிச்சாலும் அதே இடத்துலதான் வந்து நிக்குது." அவர் கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. இடது கையால் ஃபோனை எடுத்து நீட்டினார். "இதப் பாருங்க."

ஓர் எண்ணெயின் விளம்பரம். தீயில் இறுகிப்போன விரல்கள் நாற்பது நாளில் மடங்குமாம். முன்பு, பின்பு என்று இரண்டு கைகளின் படம். நன்றி சொல்லி முப்பது பேர் எழுதியிருந்தார்கள். மேசைமேல் அந்த எண்ணெய்ப் புட்டியே இருந்தது, இன்னும் திறக்காமல்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல."

அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முன்பு, பின்பு என்ற இரண்டு கைகளும் ஒரே மனிதருடையவை இல்லை. ஒன்றில் நடுவிரலில் மச்சம் இருந்தது. நன்றி சொன்ன முப்பது பேரில் பதினெட்டுப் பேர் ஒரே நாளில் எழுதியிருந்தார்கள். இதே புட்டி போன வருஷம் முழங்கால் வலிக்கு விற்கப்பட்டிருந்தது. அவள் ஃபோனிலிருந்து நிமிர்ந்தபோது டாக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கம்ப்ரசரின் சத்தம் கேட்கிற அதே கவனத்தோடு.

முதலில் யாரிடமாவது விசாரிக்கிறேன் என்று சொல்லலாம். இரண்டு நாளில் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லலாம்.

"பொய் டாக்டர்" என்றாள். "இதுல ஒண்ணுமே இல்ல. படமும் பொய், எழுதினவங்களும் பொய். இதுனால விரல் மடங்காது. ஆஸ்பத்திரியில சொல்ற பயிற்சிய விடாமப் பண்ணுங்க, அதுல கொஞ்சம் நகரும். அவ்வளவுதான் உண்மை."

டாக்டர் தலையை ஆட்டினார். எதிர்பார்த்தவர் போலத்தான் ஆட்டினார். ஆனால் கண் கலங்கிவிட்டது. துடைக்க வலது கையைத் தூக்கி, பாதியில் கீழே விட்டார்.

அடுப்புப் பக்கத்திலிருந்து மனைவி வந்தாள். இத்தனை நேரம் அங்கே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"இத மட்டும் உடனே சொல்லிட்டீங்க" என்றாள்.

ஆதாரம் எழுந்தாள். வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு நிமிரும்போது, அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, கணவனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பல்லால் கடித்து அந்தப் புட்டியின் மூடியைத் திறப்பது தெரிந்தது.